மெஷின் மேல் ஒரு குரோஷா விரிப்பு

எங்கள் வீட்டுக்கு ஆக்சிஜன் மெஷின் வந்த அன்று, அதை எங்கே வைப்பது என்பதில்தான் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் முதல் சண்டை வந்தது. ஹாலில் ஜன்னல் ஓரமாக, காற்றோட்டமாக வைக்க வேண்டும் என்று கொண்டுவந்த கடைக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் படுக்கையறை மூலையைக் கை காட்டினார். ஹாலில் வைத்தால், வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுமாம். பட்டால் என்ன, திருட்டுச் சாமானா என்று கேட்டேன். சண்டை போட அவருக்கு மூச்சும் இல்லை. மெஷின் படுக்கையறைக்கே போனது.

அவர் ஓய்வு பெற்ற பிசிக்ஸ் வாத்தியார். செம்பாக்கத்தில் எங்கள் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பால்காரருக்கு சார், சபையில் சார், இஸ்திரி வண்டிக்காரருக்கும் சார். கூப்பிடக் கூப்பிட அவரும் முழுக்க முழுக்க சாராகவே ஆகிவிட்டார். பனியனோடு கேட் வரை போக மாட்டார். குப்பை வண்டி வந்தாலும் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டுதான் வாளியைத் தூக்குவார். அப்படிப்பட்ட மனிதரின் மூக்கில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஒரு பெட்டியில் சொருகி, இந்தக் குழாய் எட்டும் தூரம்தான் இனி உங்களுக்கு வீடு என்றால் எப்படி இருக்கும்? முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

ஆறேழு மாதமாகவே மாடிப்படி ஏறினால் அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. வயசு என்று நினைத்தோம். ஒரு நாள் ஞாயிறு ஆராதனையில் பாட்டுக்கு எழுந்து நின்றவர், நிற்க முடியாமல் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் இறுகிப்போய்விட்டது, அது இனி பழையபடி ஆகாது, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னார். குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் வீட்டில் ஆக்சிஜன் வேண்டும், எடுத்துவிட்டுச் சமாளித்தால் பாரம் முழுவதும் இதயத்தின் மேல் போய் விழும் என்றார்.

பள்ளிக்கரணையில் இருக்கும் எங்கள் மகளின் ஆபீஸ் இன்சூரன்ஸில் எங்களுக்கும் இடம் உண்டு. ஆஸ்பத்திரியில் கிடந்த நாள் அத்தனைக்கும் இன்சூரன்ஸ் கம்பெனி முகம் சுளிக்காமல் கொடுத்தது. வீட்டுக்குக் கிளம்பிய அன்று வீட்டு மெஷினைப் பற்றிக் கேட்டபோதுதான், அதெல்லாம் வராது என்று இன்சூரன்ஸ் கவுண்டரில் இருந்த பெண் சொன்னாள். அதே மூக்கு, அதே ஆக்சிஜன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்து மூச்சு விட்டால் வரும், நம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து விட்டால் வராது. இது என்ன நியாயம் என்று நான் அந்தப் பெண்ணிடம் கத்தினேன். பாவம், அவள் என்ன செய்வாள்? எனக்குப் பின்னால் நின்றவரின் பேப்பரை வாங்கிக்கொண்டாள்.

மகள்தான் பாலிசியை வரிவரியாகப் படித்து ஓர் இடத்தைப் பிடித்தாள். ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்த்தால், மெஷின் வாடகை உட்படச் செலவைக் கொடுக்கலாம் என்று அதில் இருந்தது. ஆனால் கம்பெனிக்குத் திருப்தி ஏற்பட வேண்டும், அதற்கு ஓர் ஆள் நேரில் வந்து பார்ப்பார். விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தோம். அதுவரைக்கும் வாடகை எங்கள் தலையில்.

மெஷினை வாடகைக்கு விடும் கடை மேற்குத் தாம்பரத்தில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. வாசல் வரைக்கும் சக்கர நாற்காலிகள், மடக்குக் கட்டில்கள், யார் யாரோ பிடித்து நடந்து கைப்பிடி தேய்ந்த வாக்கர்கள். முன்பணம் கட்டப் போன அன்று என் பக்கத்து ஸ்டூலில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கோவளம் பக்கத்துக் குப்பத்துக்காரி, கேம்ப் ரோடு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். காலியான மீன் கூடையைக் கடைக்குள் கொண்டுவரக் கூடாது என்று வெளியே வைத்துவிட்டு, அதன் மேலேயே ஒரு கண்ணாக இருந்தாள். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அவள் புருஷனுக்கும் நுரையீரல்தான் தொந்தரவு. அரசாங்கக் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்று கேட்டேன்.

"கார்டு கீதுக்கா. ஆஸ்பத்திரில படுத்தாதான் அது செல்லுமாம். அப்ப வூட்ல படுத்தா அதுக்குப் பேரு நோவு இல்லியா?"

நான் கவுண்டரில் கத்தியதையே அவள் நிதானமாகக் கேட்டாள். மெஷின் வாடகை அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. சின்ன சிலிண்டர் ஒன்றை வாங்கி, ஆட்டோவில் மடியில் குழந்தை மாதிரி வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். அது தீர்ந்தால் என்ன செய்வாள் என்று வீடு வந்து சேரும்வரை நினைத்துக்கொண்டே வந்தேன்.

எங்கள் மெஷினுக்குத் தீர்ந்துபோகும் கவலை இல்லை. கரண்ட் இருக்கும்வரை ஓடும். ஆனால் அதன் சத்தம்! விடாமல் ஓர் உறுமல், நடுநடுவே யாரோ அலுத்துக்கொள்வது மாதிரி ஒரு பெருமூச்சு. டிவியில் யார் யாரை எதற்காக அறைகிறார்கள் என்று கேட்காது. போனில் பேச வேண்டுமென்றால் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். இந்தச் சனியனை வீட்டுக்குள் விட்ட நாளிலிருந்து என் தலைவலி விடவில்லை என்று நாளைக்கு நாலு தடவையாவது சொல்வேன். அந்த வார்த்தை வேண்டாம் என்று அவர் கண்ணாலேயே சொல்வார்.

யாராவது வந்தால் மட்டும் அந்தச் சத்தம் நின்றுவிடும். கேட் கொண்டி சத்தம் கேட்க வேண்டியதுதான். குழாயை உருவிக் கட்டில் தலைமாட்டில் மாட்டுவார், மெஷினை நிறுத்துவார், டிவிக்கென்று நான் பின்னிய வெள்ளைக் குரோஷா விரிப்பை எடுத்து அதன் மேல் போடுவார். கொடியில் தயாராகத் தொங்கும் சட்டை, முகத்துக்குக் கொஞ்சம் பவுடர். வந்தவர் ஹாலுக்குள் நுழையும்போது சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். ஆயர் வந்தால் இன்னும் மோசம். மெஷின் உறுமினால் ஜெபம் எப்படிக் காதில் விழும் என்பார். ஆயரோ ஜெபத்தைச் சுருக்கிப் பழகாதவர். அவர் ஆமென் சொல்லிக் கிளம்புவதற்குள் இவருக்கு நகக்கண் நீலம் பாரித்திருக்கும். கதவைச் சாத்தியதும் கைத்தாங்கலாகக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, குழாயை மாட்டிவிட்டு, வாயில் வந்தபடி திட்டுவேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொள்வார்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி. எப்படி இருக்கீங்க சார்? இவருடைய பதிலும் ஒன்றுதான். ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன். எங்கள் ஆட்கள் ஐ.சி.யு.விலிருந்தும் அதைத்தான் சொல்வார்கள். கேட்கிறவரும் அந்தப் பதிலுக்காகத்தான் கேட்கிறார். காலையில் காபி கொடுக்கும்போது நான் கேட்டாலும் அதே நல்லா இருக்கேன்தான். நானும் டம்ளரை நீட்டிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன்.

இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வருவதாகப் போன் வந்ததும் வீடு அமளிதுமளிப்பட்டது. கம்பெனி ஆளாக இருந்தால் என்ன, வீடு தேடி வருகிறவர் விருந்தாளிதானே. சோபா உறை மாற்றினேன். தரையைத் துடைத்தேன். உளுந்து ஊறப்போட்டு வடைக்கு அரைத்தேன். அவர் ஷேவ் செய்துகொண்டு இளநீலச் சட்டையை எடுத்து வைத்தார். மணி அடித்தபோது என் கையெல்லாம் மாவு. உள்ளே மெஷின் சத்தம் நின்றது காதில் விழுந்தது. அது எங்கள் வீட்டு வழக்கம் ஆகிவிட்டிருந்ததால் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு ஹாலுக்கு வந்தபோது, சார் பவுடர் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பொழிச்சலூரிலிருந்து பைக்கில் வந்திருந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு, எப்படி இருக்கீங்க சார் என்று கேட்டார். ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன் என்றார் இவர். மெஷினைப் பார்க்க வேண்டும் என்றதும் படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். வெள்ளை விரிப்புக்குள் அது சாதுவாக நின்றது. அழகாக இருக்கட்டும் என்று நான் அதன் மேல் ஒரு அலாரம் கடிகாரம் வேறு வைத்திருந்தேன். வந்தவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். வடை சாப்பிட்டார். காபி பிரமாதம் என்றார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடங்களைப் பற்றி இரண்டு பேரும் பேசினார்கள். அதாவது அவர் பேசினார், இவர் மூச்சைச் சேமித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவரை அனுப்பிவிட்டு, இவரைப் படுக்க வைத்துக் குழாயை மாட்டியபோது, நல்ல மனுஷன் என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. காபியைப் பாராட்டிய மனுஷன் கைவிட மாட்டார் என்று நினைத்தேன்.

கம்பெனியின் பதில் மகளுக்கு வந்தது. சனிக்கிழமை வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே படித்துக் காட்டினாள். தாம் நலமாக இருப்பதாக நோயாளியே தெரிவித்தார். பார்வையிட்ட நேரத்தில் கருவி உபயோகத்தில் இல்லை. ஆகவே கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. பிறகு அவர்கள் எடுத்த படத்தைப் போனில் காட்டினாள்.

"அம்மா, இதுல மெஷின் எங்கேன்னு நானே தேடினேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பார்த்ததை அப்படியே எழுதிவிட்டுப் போனவரைத் திட்டினேன். முகத்தில் ஒரு டப்பா பவுடரைக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்த இவரைத் திட்டினேன். எப்படி இருக்கீங்க என்று கேட்டே இவரைக் கெடுத்த சபையாரையெல்லாம் திட்டினேன். இவர் கட்டிலில் உட்கார்ந்து விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். நான் திட்டி ஓய்ந்தபின் மெதுவாகச் சொன்னார். மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். முடியாமல் போகும்போது ஆஸ்பத்திரியில் சேர்ந்துகொள்ளலாம், அதற்குத்தான் கம்பெனி கொடுக்கிறதே. வகுப்பில் கணக்கு போட்டுக் காட்டுகிற குரலில்தான் சொன்னார்.

டாக்டரிடம் போய்ச் சொன்னோம். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். இந்த நுரையீரலோடு மெஷின் இல்லாமல் இருந்தால், முடியாமல் போகும் நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டு வராது, அன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோடு டிராபிக்கில் ஆஸ்பத்திரி வரை வந்து சேர்வீர்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன் என்றார். எங்கள் பென்ஷனோ மருந்துக்கே சரியாகப் போய்க்கொண்டிருந்தது. மகளுக்கு வீட்டுக் கடன். இந்த வாடகை தொடர்ந்து கட்டக்கூடியது இல்லை என்று மூன்று பேருக்கும் தெரியும். கம்பெனி மனம் மாறினால் மெஷின் இருக்கும், இல்லையென்றால் போய்விடும். நிலைமை அவ்வளவுதான்.

டாக்டர் விளக்கமாக எழுதிக் கொடுத்தார். மகள் திரும்ப மனு போட்டாள். போனிலேயே குடியிருந்தாள். கடைசியில் இன்னொரு தடவை வந்து பார்க்கச் சம்மதித்தார்கள். இந்த முறை அப்பாவை நம்பி விடுவதில்லை என்று ஒத்திகையே நடத்தினாள். பைக்கில் வந்தவர் மாதிரி ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்து, எப்படி இருக்கீங்க சார் என்று கேட்டாள். ஸ்தோத்திரம், நல்லா இருக்... என்று பாதியிலேயே நிறுத்தினார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததில் அவருக்கு இருமல் வந்து, அடங்க வெகு நேரம் ஆனது.

பொய் சொல்லச் சொல்கிறாயா என்று மகளிடம் கேட்டார். உண்மையைத்தான்பா சொல்லச் சொல்கிறேன் என்றாள் அவள்.

"நல்லா இருக்கேன்கிறது பொய் இல்லம்மா. அது ஒரு மரியாதை. வந்தவங்க மனசுல பாரத்தை ஏத்தி அனுப்பக் கூடாது."

அவளும் நானுமாக மெஷினை உருட்டிக்கொண்டு வந்து ஹாலில் ஜன்னல் ஓரமாக வைத்தோம். கடைக்காரரிடம் படுக்கையறை வரை எட்டுகிற நீளக் குழாய் வாங்கினோம். குரோஷா விரிப்பைத் துவைத்து டிவிக்கே போட்டேன். பலகாரம் எதுவும் செய்யக் கூடாது என்று மகள் எனக்குத் தடை போட்டுவிட்டு ஆபீஸுக்குப் போனாள்.

வந்தவர் அதே மனிதர்தான். ஹாலுக்குள் நுழைந்ததும் மெஷினின் உறுமல் அவரை வரவேற்றது. இவர் அதே இளநீலச் சட்டையில் உட்கார்ந்திருந்தார், அதை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் மூக்கில் குழாய் இருந்தது. போன தடவை பார்த்ததைத்தான் எழுதினேன், தப்பாக நினைக்காதீர்கள் என்று வந்தவர் என்னிடம் சொன்னார். அவர் சொன்னதும் சரிதானே. வீடு தேடி வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மனம் வராமல், மகள் சொன்னதை மீறிக் காபி மட்டும் போட்டேன். டம்ளரோடு சமையலறை வாசலுக்கு வந்தபோது அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க சார்?"

இவர் சட்டைக் கையின் மடிப்பைச் சரிசெய்தார். மெஷின் ஒரு பெருமூச்சு விட்டது. போச்சு, ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"நல்லா இல்ல சார். குளிச்சா துவட்டிக்க முடியல. இவதான் துவட்டி விடறா." நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். "லைட்டை அணைச்சா பயமா இருக்கு. மெஷின் சத்தம் கேக்குதான்னு கவனிச்சுக்கிட்டே படுத்திருப்பேன். அது கேக்கிற வரைக்கும் நான் இருக்கேன்னு அர்த்தம்." மறுபடி நிறுத்தினார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "இவகிட்ட சொன்னதில்ல. இவளுக்கு அந்தச் சத்தம் பிடிக்காது."

வந்தவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையில் டம்ளரோடு நின்றேன். இத்தனை நாளும் இந்த மனிதர் வாயைத் திறந்து சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று தவித்தவள் நான்தான். சொல்லிவிட்டார். இப்போது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வழக்கம்போல நல்லா இருக்கேன் என்று சொல்லிவிடக் கூடாதா என்று இருந்தது எனக்கு. வந்தவர் எழுந்து வந்து என் கையிலிருந்து காபியை வாங்கிக்கொண்டார். ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுத்தான் போனார்.

கம்பெனி சம்மதித்துவிட்டது. வாடகையை அவர்களே கட்டுகிறார்கள். ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை டாக்டர் திரும்ப எழுதிக் கொடுக்க வேண்டும், ஆளும் திரும்ப வந்து பார்ப்பார். மூச்சு வாங்குகிறவர் தனக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொரு தடவையும் நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டும். இதை நினைத்தால் இப்போதும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஆனாலும் மெஷின் இருக்கிறது. அதற்கு ஸ்தோத்திரம்.

கேம்ப் ரோடு மார்க்கெட்டில் அந்த மீன்காரப் பெண்ணை ஒரு நாள் பார்த்தேன். அவள் முந்திக்கொண்டு, அண்ணாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். வழக்கமான பதில் வாய் வரைக்கும் வந்தது. அதை விழுங்கிவிட்டு, நல்லா இல்லம்மா என்றேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். அவள் புருஷனைப் பற்றிக் கேட்டேன். "ஆஸ்பத்திரிக்கும் வூட்டுக்கும் நடந்துகினே கீறோம்க்கா" என்றாள். அவளிடம் வந்து எப்படி இருக்கீங்க என்று கேட்க எந்தக் கம்பெனியிலும் ஆள் இல்லை. அவளுடைய வலிக்கு நான் ஒன்றும் செய்ய முடியாமல், மீனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

போன வாரம் ஆயர் வந்தார். மெஷின் ஹாலில் ஓடிக்கொண்டே இருந்தது, ஆயர் அதற்கு மேல் குரலை உயர்த்தி ஜெபித்தார். எப்படி இருக்கீங்க சார் என்று அவரும் கேட்டார். மூக்கில் குழாயோடு, ஸ்தோத்திரம், நல்லா இருக்கேன் என்றார் இவர். சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. ஆயருக்கு அது போதும்.

படுக்கப் போகும்போது மட்டும் இப்போது ஒரு புது வழக்கம். நான் விளக்கை அணைத்ததும், ஓடுதா என்று கேட்பார். ஹாலிலிருந்து வரும் அந்த உறுமல் தெருவுக்கே கேட்கும். அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. இருந்தாலும் கேட்பார். ஓடுது, தூங்குங்க என்பேன். கொஞ்ச நேரத்தில் தூங்கிவிடுகிறார். அதற்குப் பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன்.